கிளிநொச்சிக்கு எத்தனை எழுத்து?

இன்று காலை 10.30க்கு, நிரல் எழுதி விடை காணும் டிசம்பர் மாதப் புதிர்த் தொடரான அட்வென்ட் ஆஃப் கோட்டின் புதிர் திறந்தபோது, கிளிநொச்சியின் இரணைமடுப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

விடை எழுதும் அவசரத்தில், சோதித்துப் பார்க்க "கிளிநொச்சி" என்ற எழுத்துச் சரத்தைக் கொடுத்துவிட்டு அடைப்புக்குறியை மூட மறந்துபோனேன்.

நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் தொகுப்பி, பிழையைச் சரியாகவே சொன்னது. ஆனால் இடத்தைக் காட்ட வேண்டிய ^ குறியோ, வரி முடிந்து வெகுதூரம் தள்ளி, வெறும் கறுப்புத் திரையில் தனியே நின்றது.

கண்ணுக்கு 'கிளிநொச்சி' 5 எழுத்து, யுனிகோட்டில் 10 குறியீடு, அதைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 30 பைட். ஓய்வு நேரத்தில் நானும் கைவைக்கும் இந்தத் திறந்த மூலத் தொகுப்பி, குறிக்கு முன்னால் பைட்டை எண்ணி இடைவெளி விட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால், எழுதியவர் கண்ணில் இது பட்டிருக்காது.

முழு எழுத்தாக எண்ணும்படி திருத்தினேன். அப்போதும், 'நொ' திரையில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக் கட்டங்களைப் பிடித்துக்கொள்வதால், குறி சற்று இடப்பக்கமே நிற்கிறது. குறியோடு மல்லுக்கட்டாமல், பிழையுள்ள துண்டையே அடுத்த வரியில் எடுத்தெழுதிக் காட்டுவதுதான் முறை என்று இப்போது தோன்றுகிறது. அப்படியே ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறேன்.

"தேத்தண்ணி ஆறுது தம்பி" என்று அம்மா மூன்றாம் முறையாகச் சொல்லிவிட்டார். புதிரின் இரண்டாம் பகுதியை நான் இன்னும் திறக்கவேயில்லை.