இரண்டாம் பாகம் இல்லாத பீரோ

பத்திலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு என்ன நாவல் வாங்கிக் கொடுக்கலாம் என்று, வெளிநாடுகளில் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் சங்க மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். வெறும் பட்டியலாக எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பள்ளியின் அந்தப் பச்சை பீரோவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தாழ்வாரத்தின் கோடியில், கடல்காற்றில் கீழ்த்தட்டு துருப்பிடித்து நின்ற இரும்பு பீரோ அது. நாற்பது ஐம்பது புத்தகங்கள் இருந்திருக்கும், அதுதான் எங்கள் நூலகம். சாவி தமிழய்யாவின் சட்டைப்பையில் இருக்கும். நான் எட்டாம் வகுப்பு படித்த 1985இல்தான் இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அந்த வருடம்தான் ஐயா முதன்முதலாக என் கையில் ஒரு நாவலைக் கொடுத்தார்.

அவர் எந்த வகுப்பு என்று பார்த்துப் புத்தகம் எடுக்க மாட்டார். யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் எடுப்பார். எங்கள் வகுப்பில் ஒருவன் வாரத்துக்கு இரண்டு நாள் கடலுக்குப் போய்விடுவான். அவனிடம் 'புதையல் தீவு' தமிழ்ப் பதிப்பைக் கொடுத்து, "இதுல வர்ற பையனும் உன்ன மாதிரிதான். சொல்லாமக் கொள்ளாமத் தீவுல இறங்கிடுவான், படிச்சுப் பாரு" என்றார். ஸ்டீவன்சன் எழுதி 1883இல் புத்தகமாக வந்த கதை. ஆனால் எங்கள் கரையில் நின்றால் முசல் தீவு கண்ணுக்குத் தெரியும், அதனால் எங்களுக்கு அது பக்கத்து ஊர்க் கதைதான். ஆப்பிள் பீப்பாய்க்குள் உட்கார்ந்து கதையின் பையன் ஜிம் கொள்ளையர்களின் பேச்சை ஒட்டுக்கேட்கும் இடத்தை அவன் எங்களுக்குக் கருவாட்டுத் தொட்டியை வைத்து விளக்கினான்.

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களில் நான்குதான் பீரோவில் இருந்தன. காணாமல் போனது இரண்டாம் பாகமான 'சுழற்காற்று'. படித்தவர்களுக்குத் தெரியும், பூங்குழலி வந்தியத்தேவனைப் படகில் ஏற்றிக் கோடிக்கரையிலிருந்து இலங்கைப் பக்கம் கொண்டுபோவதும், கடலில் புயலடித்துக் கப்பல் எரிவதும் அந்தப் பாகத்தில்தான். கடற்கரைப் பள்ளியில் கடல் வரும் பாகம் மட்டும் இல்லை! முதல் பாகத்தை முடித்துவிட்டு நாங்கள் நாலைந்து பேர் போய் நின்றோம். ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, உட்காருங்க, நான் சொல்றேன்" என்றார். மூன்று நூலகப் பீரியடுகள், அப்புறம் ஒரு சனிக்கிழமை மாலை. முழுப் பாகத்தையும் வாயாலேயே சொல்லி முடித்தார்.

நடுவில் ஒரு வாக்குவாதம். ஒரு பெண் தனியாகத் துடுப்புப் போட்டு ஒரே ராத்திரியில் அவ்வளவு தூரம் போய்விட முடியுமா என்று பையன்கள் மறித்தார்கள். ஐயா பதில் சொல்லவில்லை. "உங்க அப்பாமார்கிட்டக் கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். மறுவாரம் ஆளுக்கொரு பதிலோடு வந்தோம். எங்கள் வீட்டில் வந்த பதில்: "காத்து தோதா இருந்து பாயும் விரிச்சாப் போயிரலாம். வெறுந்துடுப்புன்னா கை வெந்துரும்." 1950இல் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த ஒரு கதையை, முப்பது வருடம் கழித்து எங்கள் ஊரில் படிக்கத் தெரியாத ஆட்களெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வாரத்தை நான் மறக்கவில்லை.

ஐயா எனக்கென்று எடுத்துக் கொடுத்தது, ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்'. அட்டை கிழிந்த பழைய மொழிபெயர்ப்பு. அப்போது எனக்குப் பதினைந்து வயது. கச்சான் காற்று ஓங்கித் தென்கடலில் இறங்க முடியாத நாட்கள். அப்பா அரிக்கேன் விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருந்தார். அம்மா கடல்பாசி எடுக்கப் போய் வந்த அலுப்பில் படுத்திருந்தார். நான் வாய்விட்டுப் படித்தேன்.

எண்பத்துநான்கு நாள் கிழவனுக்கு ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை என்று வந்ததும் அப்பா வலையைக் கீழே வைத்தார். "அதுவரைக்கும் அந்தாளு எதத் தின்னான் தாயி?" என்றார். பையன் கொண்டுவந்து கொடுப்பான் என்றேன். "அப்ப நல்ல பய" என்று மறுபடி வலையை எடுத்தார். தூண்டில் கயிறு உள்ளங்கையை அறுக்கும் இடம், இடது கை மரத்துச் சுருண்டுகொள்ளும் இடம், பச்சை மீனைத் தின்னும் இடம் எல்லாவற்றுக்கும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார். மீனைப் படகோடு சேர்த்துக் கட்டியபோது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை. "ரத்தம் தண்ணியில பட்டா சுறா வராம விடாது. வேற என்ன செய்வான், வள்ளம் சிறுசு." சுறாக்கள் வந்தன. அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். பதினெட்டு அடி மீன் எலும்புக்கூடாகக் கரை சேர்ந்ததைப் படித்து முடித்தபோது அம்மாவும் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் அப்பா கேட்டது: "அந்தக் கிழவன் திரும்பக் கடலுக்குப் போனானா?" கிழவன் தூக்கத்தில் சிங்கங்களைக் கனவு காண்பதோடு கதை முடிகிறது என்றேன். "போயிருப்பான்" என்றார்.

இப்போது சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே நூலக வாரியத்தின் கிளைகளில் தமிழ் அலமாரி உண்டு, புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் என் மகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் பலருக்கும் இதே நிலைதான். காதுக்கு நன்றாகப் புரிகிறது, கண்ணுக்குத்தான் திணறல். நான் கண்டுகொண்ட வழி ஐயாவின் வழியேதான். முதல் மூன்று அத்தியாயங்களை நாமே வாய்விட்டுப் படித்துவிட்டு, நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிட வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்'. கரிசல் மண்ணில் பறவைகள் பின்னாலேயே அலையும் சிறுவனின் கதை. கொக்கும் உள்ளானும் பார்த்து வளர்ந்த நமக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இல் பால சாகித்திய விருது பெற்றது, வைகைக் கரையில் அகழாய்வு நடந்த கீழடியைப் பற்றியது. அதைப் படித்த பிள்ளையை ஊருக்கு வரும்போது அழகன்குளத்துக்குக் கூட்டிப்போங்கள். ரோமானியக் காசு கிடைத்த பழைய துறைமுகம், அதே வைகையின் கடைசியில்தான் இருக்கிறது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும். உடம்பைத் தொடுவதில் எது சரி, எது தப்பு என்று பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்கிறது. அதை மட்டும் பிள்ளையைத் தனியாகப் படிக்க விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

பதினாறு ஆகிவிட்டால் எனக்குத் தயக்கமே இல்லை, பெரியவர்களின் நாவலையே கொடுங்கள். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வந்தது. வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் நடக்கும் சண்டை அதில் இருக்கிறது. நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் நம் கரையில் நடக்கும் சண்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். வாலிநோக்கம் பக்கம் உப்பளக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' வாங்குங்கள். கதை நடப்பது தூத்துக்குடியில், ஆனால் கால் வெடிப்பு ஒன்றுதான்.

தகழியின் 'செம்மீன்' சுந்தர ராமசாமியின் தமிழில் இருக்கிறது. அதைப் படித்து நான் கோபப்பட்டேன். கரையில் மனைவி ஒழுக்கமாக இருந்தால்தான் கடலில் புருஷன் பிழைப்பான் என்ற நம்பிக்கைமேல் நிற்கிற கதை. எங்கள் அம்மா பாசிக்காக இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர், அவர் உயிருக்கு எவர் ஒழுக்கம் காவல் என்று ஐயாவிடமே கேட்டேன். அவர் சந்தோஷப்பட்டார், "இதை எழுதிக் கொண்டா" என்றார். பெண்பிள்ளைகளுக்கு நான் அந்த நாவலைக் கட்டாயம் கொடுப்பேன், சண்டை போடுவதற்காகவே.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் பதினெட்டு வரை தள்ளி வையுங்கள். பழைய இராமநாதபுரம் மாவட்டத்துச் சிங்கம்புணரிக்காரர் எழுதியது. போர்க்காலத்து மெடானும் பினாங்கும் நம்மவர்களும் வருகிறார்கள். கடல்தாண்டிப் பிழைக்க வந்த நமக்கு அதைவிட நெருங்கிய நாவல் இல்லை. ஆனால் அவசரப்பட்டுக் கொடுத்தால் பிள்ளை பாதியில் மூடிவிடும், என் தம்பிக்கு அப்படித்தான் ஆனது.

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். பச்சை பீரோ இப்போது இல்லை, பள்ளியில் நூலகத்துக்கென்று ஓர் அறை இருக்கிறதாம். சங்கத்தின் துபாய், கோலாலம்பூர், இலண்டன் கிளைகளிலிருந்து வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு நாவல் கொண்டு வாருங்கள். எந்த வயதில் அதைப் படித்தீர்கள், யார் கொடுத்தது என்று முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். வந்த அன்று ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ உட்கார்ந்து அரை மணி நேரம் படித்தும் காட்டுங்கள்.

வீட்டில் இப்போது ராத்திரிகளில் 'சுழற்காற்று' ஓடுகிறது. நேற்று பூங்குழலி படகை அவிழ்க்கும் இடத்தில் நிறுத்தினேன். மகள் புத்தகத்தைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்குக் கொண்டுவர, அந்த இரண்டாம் பாகத்தில் மட்டும் மூன்று படிகள் வாங்கி வைத்திருக்கிறேன்.