அலகில் இருந்த பெயர் கொல்லருடையது அல்ல: ஒரு சகாய் கத்தியின் பூர்வீகத்தைத் தேடிய அனுபவம்

ஒசாகாவில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் தனியாக வசிக்கும் மூதாட்டி ஒருவர், ஜூன் மாதத்தில் ஒருநாள் பழைய துணியில் சுற்றிய நீளமான கத்தி ஒன்றை என்னிடம் கொடுத்தார். காலஞ்சென்ற அவருடைய கணவர் சஷிமி, அதாவது பச்சை மீன் துண்டுகள், தயாரிக்கும் சமையல்காரர். மீனைச் சீவுவதற்கென்றே செய்யப்படும், ஒரு பக்கம் மட்டும் சரிவுடைய ‘யனகிபா’ வகைக் கத்தி அது. கத்திக்குப் பெயர்போன சகாய் என்ற ஊரில் செய்தது என்று கணவர் சொன்னது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. செய்தவர் யார், இன்னும் இருக்கிறாரா, இருந்தால் அவர் பார்வையிலேயே மறுபடி சாணை பிடிக்க முடியுமா என்பதே அவர் கேட்டது. சகாய் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுதான் என்பதால் ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும் என்று ஒப்புக்கொண்டேன். முடியும்போது நவம்பர் ஆகியிருந்தது.

முதல் மூன்று வாரங்கள் வீணானதற்குக் காரணம் அலகின் தட்டையான பக்கத்தில் உளியால் வெட்டப்பட்டிருந்த நான்கு எழுத்துகள். அதைக் கொல்லரின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, கிடைத்த கொல்லர் பட்டியல்கள் அனைத்திலும் தேடினேன், எங்கும் இல்லை. கடைசியில் அந்த எழுத்துகளைப் பெரிதாக அச்செடுத்து மூதாட்டியிடம் காட்டியபோது, அவர் ஒரே பார்வையில், “இது என் கணவர் தொழில் கற்றுக்கொண்ட உணவகத்தின் பெயர்” என்றார். ஜப்பானில் நல்ல கத்தி வாங்கும்போது வாங்குபவரின் பெயரையோ அவர் கடையின் பெயரையோ அலகில் வெட்டித் தருவது வழக்கம். துரு ஏறிய சிறிய எழுத்துகளை அவர் கண்ணால் அதுவரை படிக்க முடிந்ததே இல்லை. நானும் அவரிடம் முதலில் கேட்கவில்லை. இதே வேலையில் இறங்குபவர்கள், வேறு எங்கும் தேடுவதற்கு முன்னால், எழுத்துகளைப் பெரிதாக்கி அந்த வீட்டாரிடம் காட்டுங்கள்.

மறுபக்கத்தில் ‘சகாய்’ என்ற ஊர்ப்பெயர், அதன் கீழே ஒரு வணிகப் பெயர், ஓரத்தில் இரண்டு சிறிய எழுத்துகள். அந்த இரண்டும் பெயரின் பகுதி அல்ல, ‘பதிவு செய்யப்பட்டது’ என்று வணிகக் குறியைச் சுட்டும் சொல் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் இங்கே செய்தேன். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று துரு நீக்கும் அழிப்பான் கட்டியால் தேய்த்ததில், நடு எழுத்தின் ஒரு கோடு பாதி மறைந்துவிட்டது. உளியால் வெட்டும் எழுத்து ஆழம் குறைந்தது. துருவோடு சேர்ந்து அதுவும் போய்விடும். அந்தக் கோட்டை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது. தேய்க்கவே வேண்டாம். அலகில் மெல்லிய எண்ணெய் பூசி, பக்கவாட்டிலிருந்து சாய்வாக விளக்கு பிடித்துப் படம் எடுத்தாலே எழுத்துகள் எழுந்து வரும். எண்ணெயைத் துடைத்துவிட்டு மெல்லிய தாளை மேலே வைத்துக் கரிக்கோலால் தேய்த்துப் படி எடுப்பது இன்னும் நல்லது. வாள்களை ஆராய்பவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் முறை அது.

ஆகஸ்ட் மாதத்தின் நடுவில் முதல்முறை சகாய்க்குப் போனேன். ஓபோன் விடுமுறை, நான் குறித்து வைத்திருந்த கடைகளில் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. முன்னோர்களை வரவேற்கும் அந்த நாட்களில் பட்டறைகளும் மூடியிருக்கும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது பயணத்தில் படங்களை மட்டும் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு ஒரு மொத்த வியாபாரியின் கடைக்குப் போனேன். அங்கிருந்த ஊழியர் படத்தை முழுமையாகப் பார்க்காமலேயே, இது எங்கள் பொருள் அல்ல, கத்தியைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, பார்த்தாலும் கொல்லரின் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை என்று மூன்று வாக்கியங்களில் முடித்துவிட்டார். கத்தி மிகப் பழையதாகத் தெரிகிறதே, போருக்கு முந்தைய பதிவேடு ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். 1945 ஜூலை 10 அன்று நடந்த குண்டுவீச்சில் நகரின் நடுப்பகுதி எரிந்தபோது பழைய ஏடுகள் எல்லாம் போய்விட்டன என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். குண்டுவீச்சு உண்மை. ஆனால் அந்தப் பதில் என் கேள்விக்குப் பொருந்தாது என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

கொல்லரின் பெயரைச் சொல்லாதது அந்த ஊழியரின் தனிப்பட்ட குணம் மட்டும் அல்ல. சகாயில் வேலை பிரிக்கப்பட்டிருக்கும் விதமே அப்படி. உலையில் அடித்து உருவாக்கிப் பதம் ஏற்றுவது ஒருவர், சாணை பிடித்துக் கூர் வைப்பது வேறொருவர், கைப்பிடி பொருத்துவது மற்றொருவர். இவர்களிடமிருந்து பொருளை வாங்கி, தன் பெயரை வெட்டி விற்பவர் மொத்த வியாபாரி. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகையிலை நறுக்கும் கத்தியால் புகழ்பெற்ற ஊர் இது. பின்னர் ஜப்பானை ஆண்ட எடோ அரசு தன் முத்திரையையே இந்த ஊர்க் கத்திக்குக் கொடுத்தது. 1982இல் உலையில் அடித்துச் செய்யும் சகாய் கத்தி தேசிய மரபுக் கைவினையாக அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பெருமைக்கும் நடுவில், கத்தியின் மேல் இருக்கும் பெயர் பெரும்பாலும் அதை அடித்தவருடையது அல்ல. நெடுங்காலம் கொல்லர்கள் பெயரில்லாமலேயே இருந்திருக்கிறார்கள். இதை முதலிலேயே புரிந்துகொண்டிருந்தால், நான் கடைகளை விட்டுவிட்டுச் சாணை பிடிப்பவர்களைத் தேடிப் போயிருப்பேன்.

கத்தியை நேரில் கொண்டுபோக வேண்டும் என்றால் சட்டத்தையும் நினைக்க வேண்டும். 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகு நீளமுள்ள கத்தியைத் தகுந்த காரணமின்றி எடுத்துச் செல்வது ஜப்பானில் குற்றம். 2 ஆண்டுவரை சிறையோ 3 லட்சம் யென்வரை அபராதமோ கிடைக்கலாம். ரயிலில் சரியாகக் கட்டிப் பொதியாத கத்திக்கு 2019 ஏப்ரலிலிருந்து தடை இருக்கிறது. சாணை பிடிக்கக் கொண்டுபோவது தகுந்த காரணம்தான், ஆனால் அதைக் காட்ட வேண்டியது நம் பொறுப்பு. அலகுக்கு அட்டை உறை போட்டு, துண்டில் சுற்றி, கயிற்றால் கட்டி, பையின் அடியில் வைத்தேன். சாணைக்காரரிடம் நேரம் குறித்து வாங்கிய மின்னஞ்சலையும் அச்செடுத்து வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் அந்தத் தாள் இல்லாமல் நான் அடுத்த முறையும் போகமாட்டேன்.

இதற்கிடையில் கிடைத்ததுதான் இந்தத் தேடலின் முதல் வெற்றி. இரண்டாவது பயணம் தோற்றதைக் கேட்ட மூதாட்டி, கத்தி வந்த பெட்டி உதவுமா என்று தயங்கியபடி கேட்டார். பவுலோனியா மரத்தில் செய்த பெட்டி. முப்பது ஆண்டுகளாக அதில் நூல்கண்டுகளும் பொத்தான்களும் இருந்திருக்கின்றன. மூடியின் உட்புறத்தில், அலகில் இருந்த அதே வணிகப் பெயரோடு முகவரிச் சீட்டு ஒட்டியிருந்தது. அஞ்சல் குறியை அடுத்து 590 என்று மூன்றே இலக்கங்கள். ஜப்பானில் அஞ்சல் குறியீடு வந்தது 1968 ஜூலையில். அது ஏழு இலக்கமானது 1998 பிப்ரவரியில். ஆகவே அந்தச் சீட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் அச்சானது. 2006இல் சகாய் பெருநகரமாகி வட்டங்களாகப் பிரிந்தது; அந்த வட்டப் பெயரும் சீட்டில் இல்லை. போருக்கு முந்தைய கத்தி என்ற என் ஊகமும், ஏடுகள் எரிந்துவிட்டன என்ற அந்தப் பதிலும் ஒரே நொடியில் விழுந்தன. கத்தியை மட்டும் வாங்கிக்கொண்டு பெட்டியை விட்டுவிடுபவர்களுக்குச் சொல்கிறேன்: உறை, பெட்டி, ரசீது, கட்டியிருந்த தாள் எதையும் எறியாதீர்கள்.

அக்டோபரில், டென்னோஜியிலிருந்து கிளம்பும் பழைய ஹன்காய் டிராமில் ஏறி, மியோகோகுஜி நிறுத்தத்தில் இறங்கி, குறித்த நேரத்துக்குச் சாணைக்காரரின் பட்டறையை அடைந்தேன். எழுபதைக் கடந்தவர். பெயரை அவர் படிக்கவே இல்லை. கத்தியை வெளிச்சத்தில் சாய்த்து, தட்டைப் பக்கத்தின் மெல்லிய குழிவை விரலால் தடவி, முதுகின் தடிமன் நுனியை நோக்கி எப்படி இறங்குகிறது என்று பார்த்தார். பிறகு என் அனுமதியைக் கேட்டு, அலகின் குதிகால் அருகே, அதாவது கைப்பிடியை ஒட்டிய முனையில், ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் கல்லில் தேய்த்தார். துருவின் அடியிலிருந்து அலை போன்ற ஒரு வெள்ளைக் கோடு எழுந்தது.

நான் அதுவரை எல்லோரிடமும் இது ‘கசுமி’, அதாவது மெல்லிரும்போடு எஃகைச் சேர்த்து அடித்த வழக்கமான வகை என்று சொல்லிவந்தேன். அது ‘ஹோன்யாகி’. முழுவதும் ஒரே எஃகு. களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுப்பதில் மண் தடித்திருக்கும் முதுகு மெதுவாகவும் கூர்ப்பகுதி விரைவாகவும் ஆறுவதால் வருவதுதான் அந்தக் கோடு. தோய்ச்சலில் விரிசல் விழுந்து உழைப்பு முழுவதும் வீணாவது உண்டு என்பதால், அதைச் செய்யத் துணிந்தவர்கள் மிகச் சிலர். தேட வேண்டிய கூட்டம் அந்த ஒரு விரல் அகலத்தில் சுருங்கிவிட்டது. பெட்டியைக் காட்டினேன். மூடப்பட்டுவிட்ட அந்த வியாபாரத்துக்கு ஹோன்யாகி அடித்துக் கொடுத்தவர்கள் தனக்குத் தெரிந்து இருவர் என்றார். ஒருவர் எண்ணெயில் மட்டுமே தோய்ப்பவர். இந்தக் கோடு நீரில் தோய்த்ததற்குரியது என்பது சாணைக்காரரின் உறுதியான கருத்து. தொலைபேசியில் தன்னைவிட மூத்த ஒருவரிடமும் பேசிச் சரிபார்த்துக்கொண்டார்.

எஞ்சிய அந்த இன்னொரு கொல்லர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன, பட்டறையும் இல்லை. சாணைக்காரர் அவர் பெயரையும், எதைக் கொண்டு அந்த முடிவுக்கு வந்தார் என்பதையும் ஒரு தாளில் எழுதி, தேதியிட்டுக் கொடுத்தார். அப்படி எழுதி வாங்குவது முக்கியம். வாய்ச்சொல் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராது. நவம்பரில் சாணை முடிந்த கத்தியோடு அதை மூதாட்டியிடம் கொடுத்தேன். அவர் அந்தப் பெயரை இரண்டு முறை உரக்கப் படித்தார். செய்தவர் இல்லை என்றதற்கு அவர் வருந்துவார் என்று பயந்திருந்தேன். அந்தக் கொல்லர் அடித்த கத்திகளுக்கு இளமையிலிருந்தே கூர் வைத்தவர்தான் இதையும் சாணை பிடித்தார் என்று சொன்னதும், அதுவே போதும் என்றார்.

பெட்டியிலிருந்த பொத்தான்கள் இப்போது பிஸ்கட் டப்பாவுக்கு மாறிவிட்டன. கைப்பிடியின் எருமைக்கொம்புப் பூண் பிளந்திருப்பதால் அதை மட்டும் மாற்ற வேண்டும். ஜனவரியில் நாள் குறித்திருக்கிறது. புத்தாண்டு விடுமுறை முடிந்து பட்டறை திறந்துவிடும் என்பதைத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துவிட்டேன்.