தேதி நகராத நாள்

26 நவம்பர் 2024, செவ்வாய்

கண் திறந்ததும் காலண்டரைப் பார்த்தேன். 26 ஆடாமல் நின்றது. எழுந்துவிட்டேன்.

27 நவம்பர், புதன்

நான்கு ஜாக்கெட் முடிந்தது. மதியத்திலிருந்து இடது காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. உள்ளே, ரொம்பத் தூரத்தில், மாவு மில் ஓடுகிறது. இது வந்தால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றலும் வரும். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மெஷினை மூடச் சொல்வார். தை மாதத்துக்கு 21 ஜாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் 7 ஒரே கல்யாண வீட்டுடையது.

1 டிசம்பர், ஞாயிறு

நேற்றைய தாளை அத்தைதான் கிழித்திருக்கிறார். ஓரம் பிசிறு பிசிறாக இருக்கிறது.

நேற்று காலை பதினொன்றரை இருக்கும். வெளியே புயல் மழை. கைக்குழிக்குப் பட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். பாபின் தீர்ந்தது என்று நிமிர்ந்தேன். மெஷின் தலையில் இருக்கிற உஷா என்ற எழுத்து வலது பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. போய், வெடுக்கென்று பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி வழுக்கியது. பெடலிலிருந்து காலை எடுத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் தரை. மொசைக்கில் கன்னத்தை வைத்து, மெஷினின் இரும்புக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தேன். தரையில் கிடப்பவள் அதற்கும் கீழே எங்கே விழப்போகிறாள்? அது தெரியத்தான் செய்கிறது. ஆனாலும் கையை விட முடியவில்லை. கண்ணை மூடினால் இன்னும் மோசம். முகத்துக்கு நேரே மொசைக்கில் ஒரு கறுப்புச் சில்லு, துவரம்பருப்பு அளவுக்கு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஓடினாலும் விடாமல் பார்த்தேன். அத்தை பேசின் பிடித்தார். மூன்று தடவை வாந்தி. நான்காவது தடவை ஒன்றும் இல்லை, வெறும் சத்தம்தான்.

கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் என்று இவர் ஆட்டோவைச் சுற்றி வளைத்து ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. வாயில் கரைகிற மாத்திரை வேலை செய்து நான் தூங்கியிருந்தேன். விமான நிலையத்தையே மூடிவிட்டார்களாம், பாப்பா ஃபோனில் பார்த்துச் சொன்னாள். சரி, நான் மட்டும் இல்லை.

இன்று துவைத்துப் பிழிந்து உதறாமல் போட்ட துணி மாதிரி இருக்கிறேன்.

3 டிசம்பர், செவ்வாய்

கல்யாண வீட்டு அம்மா அளவு ஜாக்கெட் கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “லோ பிரஷர்தாம்மா இது. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ரெண்டு சிட்டிகை உப்பு போட்டுக் குடி, பறந்துடும்” என்றார். கூடவே “பாத்தா ஒண்ணுமே தெரியலையே!” இதுவரை எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள். வைத்தியம் சொல்லும் எல்லாருடைய கையிலும் உப்பு. எனக்கு ஆகாததே அதுதான். உள்காதில் நீர் கட்டி அழுத்துகிற வியாதி. உப்பு நீரைப் பிடித்து வைக்கும். சோடியம் ஒரு நாளைக்கு 1500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு டீஸ்பூன் உப்பில் மட்டுமே 2300 இருக்கிறது.

அத்தை சாம்பாரில் உப்புப் போடும் முன்னால் எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைப்பார். வைக்கும்போது தவறாமல் “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்பார். திட்டுகிறாரா, வருத்தப்படுகிறாரா என்று இந்த மூன்று வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

ராத்திரி ஆவக்காய் ஜாடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினேன். மோப்பத்தில் சோடியம் கிடையாது.

5 டிசம்பர், வியாழன்

ஆஸ்பத்திரி. காதில் தண்ணீர் விடுகிற டெஸ்ட். முதலில் 30 டிகிரி, அப்புறம் 44 டிகிரி. உடம்பு சூட்டைவிட 7 கம்மி, 7 கூட. நல்ல காதில் விட்டபோது கட்டில் கவிழ்ந்தது. இடது காதில் விட்டபோது ஏதோ லேசாக அசைந்தது, அவ்வளவுதான். அப்பாடா என்றேன். சின்ன டாக்டர், படிக்கிற பிள்ளை, முகம் சிரிக்கவில்லை. சுற்ற வேண்டிய நேரத்தில் சுற்றாவிட்டால் அந்தப் பக்கம் பலவீனமாகிவிட்டது என்று அர்த்தமாம். தானாகச் சுற்றுகிறதே, சுற்று என்றால் சுற்ற மாட்டேன் என்கிறதே!

அந்தப் பிள்ளைதான் சொன்னது: காது கழுவும்போது தண்ணீரின் சூட்டைப் பொறுத்து நோயாளிக்குத் தலை சுற்றுவதைக் கவனித்து இந்த டெஸ்டைக் கண்டுபிடித்தவர் வியன்னாவில் பாரானி என்று ஒரு டாக்டர். 1914-ஆம் வருஷத்து நோபல் பரிசு அவருக்கு. சேதி வந்தபோது மனிதர் ரஷ்யாவில் போர்க்கைதி. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நல்ல கதைதான். இன்னொரு நாள் சொல்லியிருக்கலாம்.

6 டிசம்பர், வெள்ளி

6 நின்றது. கொக்கி, பட்டன் வேலை மட்டும்.

9 டிசம்பர், திங்கள்

பெரிய டாக்டர் இரண்டாவது ஊசியைப் பற்றிப் பேசினார். போன ஆவணியில் செவிப்பறை வழியாகப் போட்டது ஸ்டீராய்டு. இரண்டு மாதம் நன்றாக இருந்தேன், தீபாவளி ஆர்டர் முழுவதையும் அந்த இரண்டு மாதத்தில்தான் முடித்தேன். இப்போது சொல்வது ஜென்டாமைசின். கிருமிக்குப் போடுகிற மருந்துதான். ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம், உள்காதின் சமநிலை உணர்வணுக்களைத் தின்னும். அந்தக் கெட்ட குணத்தையே இங்கே வைத்தியமாக்குகிறார்கள். இடது பக்கத்தை அடக்கிவிட்டால் அது மூளைக்குப் பொய்ச் சேதி அனுப்பாது. மீதி ஒரு காதை வைத்து நடக்க மூளை சில வாரத்தில் பழகிக்கொள்ளும். கேட்கும் திறனும் கொஞ்சம் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

அதாவது, கெடுத்து நிறுத்துவது.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதே நினைப்பு. பஸ் திரும்பினால் நான் இன்னும் கொஞ்சம் திரும்புகிறேன், முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடியே யோசித்தேன். என் பழைய மெஷின் ஒன்று இருந்தது. எப்போதும் இடது பக்கம் ஒரு நூல் இழுக்கும். எப்போதும் இழுப்பதால் கையே அதற்குத் தகுந்த மாதிரி துணியைத் தள்ளிவிடும். ஒரு குறையும் தெரியாது. அப்புறம் வாங்கின செகண்ட்ஹேண்ட் மெஷின் அப்படி இல்லை. பத்து நாள் கண்ணாடி மாதிரி தைக்கும், பதினோராவது நாள் பட்டில் நூல் கட்டி நாசமாக்கும். அதை இவர் எடைக்குப் போட்டார். நான்தான் போடச் சொன்னேன்.

ஆனால் அது மெஷின். போட்டுவிட்டு வேறு வாங்கினோம்.

சுற்றுகிற நேரம் மாதத்தில் மொத்தம் பத்து மணி நேரம்கூட வராது. கணக்குப் பார்த்திருக்கிறேன். மீதி நேரம் முழுக்கக் காவல். குனியலாமா, மாடியேறலாமா, கத்தரிக்கோலைப் பட்டில் வைக்கலாமா, மில் சத்தம் கூடியதா குறைந்ததா. இதற்கு ஊசி இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்கவில்லை. வெளியே 40 பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

13 டிசம்பர், வெள்ளி

கார்த்திகை தீபம். மழை விட்டபாடில்லை, அகல் எல்லாம் படிக்கட்டுக்கு உள்பக்கம்தான். கீழ்ப்படிக்கு வைக்கக் குனிந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சுடர் ஆடுகிறதா, நான் ஆடுகிறேனா? பாப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். “சுடர்தாம்மா” என்றாள். அவள் குரலில் சலிப்பு இல்லை, அதுதான் எனக்கு என்னவோ போல இருந்தது.

16 டிசம்பர், திங்கள்

மார்கழி முதல் நாள். கோலம் பாப்பா போட்டாள், 11 புள்ளி. நான் முக்காலியில் உட்கார்ந்து புள்ளி சொன்னேன். கோயில் ஒலிபெருக்கி எந்தத் திசையில் என்று காதால் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாம் வலது பக்கமே.

19 டிசம்பர், வியாழன்

கேட்கும் டெஸ்ட். சத்தம் நுழையாத அறையில் உட்காரவைத்து, கேட்டால் பட்டனை அழுத்து என்றார்கள். என்னுடைய மில் வேறு உள்ளே ஓடுகிறது. எது அவர்கள் சத்தம், எது என் சத்தம்? குத்துமதிப்பாக அழுத்தினேன். இடது காதின் கோடு தாழ்ந்து ஆரம்பித்து ஏறுகிறது. கனத்த சத்தம் போய்விட்டது, கீச்சுச் சத்தம் மிச்சம் இருக்கிறது.

வீட்டில் இவர் இடது பக்கம் நின்று பேசினால் வாய் மட்டும்தான் அசைகிறது. அத்தை குரல் சமையலறையிலிருந்து ஒரு எழுத்துகூடச் சிந்தாமல் வருகிறது. ஆண்டவன் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறான்.

24 டிசம்பர், செவ்வாய்

கீழ்வீட்டு அக்காவுக்கும் தலைசுற்றல். படுக்கையில் புரண்டால் வரும், அரை நிமிஷத்தில் போய்விடும். டாக்டர் அவரைப் படுக்கவைத்துத் தலையைத் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பி உட்காரவைத்தாராம். சரியாகிவிட்டது! காதுக்குள் சுண்ணாம்புத் துகள் இடம் மாறிக் குழாய்க்குள் போய்விடுமாம், திரும்ப அதன் இடத்தில் கொட்டிவிட்டால் முடிந்தது. “நீயும் அதே மாதிரி பண்ணிக்கயேன், எதுக்கு மூணு வருஷமா இழுத்துட்டிருக்கே” என்றார்.

எனக்கு அந்தத் துகள் இல்லை அக்கா என்றேன். கல்லுக்குப் பொறாமைப்பட்டேன், வெட்கமில்லாமல்.

என் வியாதி பேரை அவருக்கு முன்பு ஒரு தடவை சொல்லித் தொலைத்தேன். மெனியேர், பாரிஸ் டாக்டர் பேர், மூளைக் கோளாறு இல்லை காதுக் கோளாறுதான் என்று 1861-லேயே சொன்னவர். அக்கா காதில் அது மேனியா என்று விழுந்து, தெருவில் பாதிப் பேர் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். ஒருவகையில் வசதி. தைக்கக் கொடுத்ததை யாரும் அவசரப்படுத்துவதில்லை.

28 டிசம்பர், சனி

மறுபடி. மூன்றரை மணி நேரம். கத்தரிக்கோல் ரோஸ் பட்டில் இருந்தபோது வந்தது. முன்பக்கத் துண்டு போச்சு.

சாயங்காலம் அத்தை உப்பு, மிளகாயை எடுத்துக்கொண்டு எனக்குச் சுற்றிப்போட வந்தார். ஏற்கெனவே நிற்காமல் சுற்றுகிறது, நீங்கள் வேறயா என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். அழுகையில் முடிந்தது. உப்பு என் மேல் படாமல் பார்த்துக்கொண்டார், பாவம், அதுவும் ஆகாது என்று நினைத்துவிட்டார் போல.

30 டிசம்பர், திங்கள்

கையெழுத்துப் போட்டேன்.

1 ஜனவரி 2025, புதன்

புதுக் காலண்டர். எண் பெரிதாக இருக்கிறது. நல்லது.

3 ஜனவரி, வெள்ளி

செவிப்பறை மரத்துப்போக மருந்து வைத்தார்கள், அப்புறம் மெல்லிய ஊசி. காதுக்குள் ஜில்லென்று இறங்கியது. அரை மணி நேரம் வலது பக்கம் படுத்துக் கிடக்க வேண்டும், எச்சில் விழுங்கக் கூடாது. விழுங்காதே என்றதும் வாய் முழுக்க எச்சில். சுவரில் பல்லி ஒன்று. அது நகர்ந்தபோது உண்மையாகவே நகர்ந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஆட்டோவை நிறுத்தி நிறுத்தி ஏற்றினார். பின்னால் வந்தவர்கள் திட்டியது இந்தக் காதில் விழுந்தது.

5 ஜனவரி, ஞாயிறு

ஒன்றும் இல்லை. போட்டார்களா இல்லையா என்றே சந்தேகம்.

8 ஜனவரி, புதன்

இன்று தெரிகிறது. சுற்றல் இல்லை, வேறு மாதிரி. தலையைத் திருப்பினால் வீடு ஒரு நொடி தாமதமாகத் திரும்புகிறது. நடந்தால் தரை மெத்தை. எதிர்பார்த்ததுதான், படுத்துவிடாதே, நட என்று சொல்லியிருக்கிறார்கள். கூடம் முதல் கொல்லைக் கதவு வரை 14 அடி, 20 தடவை.

பயிற்சி ஒன்று உண்டு. கண் உயரத்தில் ஒரு எழுத்தை ஒட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இல்லை இல்லை என்பது போல ஆட்ட வேண்டும், எழுத்து அசையாமல் தெரியும்வரை. டெய்லர் சாக்கால் சுவரில் உ என்று எழுதினேன். காலை, மதியம், ராத்திரி. நான் பிள்ளையார் முன்னால் நின்று மாட்டேன் மாட்டேன் என்று தலையாட்டுவதாக அத்தைக்குத் தோன்றியிருக்கிறது. ராத்திரி பார்த்தால் உ-வுக்கு மேலே குங்குமம்.

11 ஜனவரி, சனி

மில் இன்னும் ஓடுகிறது. அதை நிறுத்துவதாக யாரும் சொல்லவில்லை.

ரோஸ் பட்டுக்குக் கையாலேயே ஒட்டுப்போட்டு, ஒட்டுத் தெரியாமல் ஜரிகையை மேலே கொண்டுவந்தேன். அரை நாள் ஆயிற்று. ஊசியைப் பார்க்கும்போது மட்டும் எல்லாம் ஓரிடத்தில் நிற்கிறது.

13 ஜனவரி, திங்கள்

போகி. விடிகாலையிலேயே ஜன்னல் முழுக்கப் புகை. பழைய காலண்டரை அத்தை எரிக்கக் கேட்டார், கொடுக்கவில்லை. சுற்றின நாளையெல்லாம் அதில்தான் குறித்திருக்கிறேன், டாக்டருக்குக் காட்ட வேண்டும் என்றேன். முழுக்க உண்மை இல்லை.

கல்யாணப் பெண் போட்டுப் பார்க்க மூன்று மணிக்கு வருகிறாள். ரோஸுக்கு இன்னும் கொக்கி வைக்கவில்லை.