விக்டோரியா காலத்துக் கிராமத் தபால் வீடு: 1:24 மாதிரியின் முன்சுவர்

முன்னறையில் தபால் கவுண்ட்டர், பின்னாலும் மாடியிலும் குடும்பம். அந்தக் கால இங்கிலாந்துக் கிராமங்களில் பல தபால் நிலையங்கள் இப்படிப்பட்ட வீடுகள்தான். இந்தச் சிறு மாதிரி (நிஜ அளவில் 24-இல் ஒரு பங்கு) 1865-ஐ ஒட்டியது. இப்போது முன்சுவர் முடிந்திருக்கிறது: அகலம் 250 மி.மீ., உயரம் 200 மி.மீ.

அடித்தளம் 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகை. செங்கல்லுக்கு முட்டை அட்டை. அதன் சொரசொரப்பு சுட்ட கல் போலவே இருக்கும். நெடுக்குக் கல் (நீளப் பக்கம் வெளியே தெரிவது) 9.1 மி.மீ., குறுக்குக் கல் (முனைப் பக்கம் தெரிவது) 4.35, உயரம் 2.8, இடைவெளி 0.4. கதவு, ஜன்னல் போக 1,750 கல் பிடிக்கும். 2,000 வெட்டிக்கொள்வது நல்லது. 3.2 மி.மீ.க்கு ஒரு பென்சில் கோடு போட்டு, பத்து செங்கல் வரிக்கு ஒருமுறை 32 மி.மீ. வருகிறதா என்று அளக்க வேண்டும்.

கட்டு, பிளெமிஷ் கட்டு: ஒரே வரியில் நெடுக்கும் குறுக்கும் மாறி மாறி வரும். கெடுவது மூலையில்தான். ஒரு வரி குறுக்குக் கல்லிலும் அடுத்தது நெடுக்குக் கல்லிலும் தொடங்கும். அப்படியே தொடர்ந்தால் மூலையிலிருந்து 14.25 மி.மீ. தள்ளி, எல்லா வரியின் சந்தும் ஒரே நேர்கோட்டில் விழுந்துவிடும். நிஜச் சுவராக இருந்தால் அங்கேதான் பிளக்கும். மூலைக் குறுக்குக் கல்லை அடுத்து 2 மி.மீ. அகலத்தில் ஒரு துண்டு (கொத்தனார் மொழியில் குயின் குளோசர்) வைத்ததும், மேல் வரிக் குறுக்குக் கல் கீழ் வரி நெடுக்குக் கல்லின் நட்டநடுவில் போய் உட்காரும். அது உட்காரும்போது சுவருக்கே உயிர் வந்துவிடுகிறது.

முன்பக்கம் மட்டும் ஃபெவிகால் தடவினால் பலகை வளையும். பின்னாலும் ஒரு தாள் ஒட்டுங்கள். சந்தில் பட்டி தேய்க்குமுன் கல்லுக்கு மேட் வார்னிஷ் அவசியம், இல்லையென்றால் வெள்ளை ஊறிப்போகும். பட்டியில் துளி மஞ்சள் காவி கலக்க வேண்டும். சிமெண்ட் சாம்பல் வேண்டாம், அது சுண்ணாம்புச் சாந்து.

ஜன்னல் சட்டம் சுவர் முகத்திலிருந்து அரைக்கல், அதாவது 4.75 மி.மீ. உள்ளே. மேல் சாஷ் (மேலும் கீழும் நகரும் கண்ணாடிச் சட்டம்) வெளிப்பக்கம், கீழ் சாஷ் உள்பக்கம். இரண்டையும் ஒரே தளத்தில் ஒட்டினால் படம் வரைந்தது போலாகிவிடும். கண்ணாடிக்கு அரசு போட்ட வரி 1845-இல் போனபின் பெரிய கண்ணாடி வந்தது, எனவே ஒரு சாஷுக்கு இரண்டே கண்ணாடி.

சுவர் அஞ்சல் பெட்டி 1857-இலிருந்து உண்டு. சிவப்பு 1874-இல்தான் வந்தது. இந்த வீட்டுக்கு அடர்பச்சை.