கம்பெனி என்னுடையது, வேலை செய்யத்தான் கூடாது

அமெரிக்காவில் எச்1பி விசாவில் (ஒரு கம்பெனி மனு போட்டு வாங்கித் தரும் வேலை விசா) இருந்துகொண்டு சொந்தக் கம்பெனி தொடங்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தாராளமாகத் தொடங்கலாம், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அதில் உட்கார்ந்து வேலை பார்க்க எனக்கு மூன்று வருடம் ஆனது.

நாங்கள் இருப்பது டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில். இங்கே வீட்டில் சமைத்துக் கொடுக்கும் அக்காக்கள் வாட்ஸ்அப் குழுவில் வார மெனு போடுவார்கள். கீழே ஐம்பது அறுபது பேர் "எனக்கு ரெண்டு", "வத்தக்குழம்பு மட்டும்", "போன தடவை மாதிரியே" என்று போட்டுவிட, ராத்திரி பாத்திரம் கழுவி முடித்து நோட்டில் கோடு போட்டு எண்ணுவார்கள். அந்த ஆர்டரை எண்ணிக் கொடுக்கும் சின்ன மென்பொருள், மாதச் சந்தா. அவ்வளவுதான் தொழில்.

2022இல் டெக்சாஸ் மாநிலத்தில் 300 டாலர் கட்டி எல்எல்சி, அதாவது வரையறுத்த பொறுப்புள்ள சிறு கம்பெனி, பதிவு செய்தேன். சான்றிதழ் வந்ததும் வரித்துறையான ஐஆர்எஸ் தளத்தில் ஈஐஎன் எண் (கம்பெனிக்கான வரி எண்), சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்ததால் பத்தே நிமிடம். வங்கிக் கணக்கும் திறந்தாயிற்று. அதற்கப்புறம்தான் வக்கீலைப் பார்க்கப் போனேன் (முதலில் போயிருக்க வேண்டும், தெரியும்). அவர் கேட்ட முதல் கேள்வி, "மென்பொருளுக்குக் கோடு (code) யார் எழுதுவது?" நான்தான், ஆனால் சம்பளம் எடுக்க மாட்டேனே என்றேன். எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று சிரித்தார். காசு வாங்கினாயா என்பது கணக்கே இல்லையாம், வேறொருவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யவைக்கும் வேலையை நீ செய்தால் அது வேலைதான். எச்1பி என்பது மனு போட்ட அந்த ஒரு கம்பெனிக்கு மட்டுமான அனுமதி. பங்கு வைத்திருக்கலாம், முதல் போடலாம், லாபம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். வாடிக்கையாளர் மெயிலுக்குப் பதில் போடக்கூடாது.

சரி, மனைவி செய்யட்டும் என்றால் அவள் எச்4, எச்1பிக்காரரின் குடும்பத்துக்கான விசா. என்னுடைய ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) அங்கீகரிக்கப்பட்ட பிறகுதான் அவள் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை கேட்கவே முடியும். 2015இல் வந்த விதி அது. 2023இல் ஐ-140 வந்தது, ஐ-765 படிவம் போட்டோம், அட்டை கைக்கு வர ஏழு மாதம். ஆனால் அந்த அட்டை ஒரு வரம், எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்கலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். கம்பெனியில் 60 சதவீதம் அவள் பெயருக்கு மாற்றினோம். எம்சிஏ படித்துவிட்டு எட்டு வருடம் கோடு தொடாதவள், முதலிலிருந்து படித்து எழுதினாள். பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு, அரைப்புள்ளி எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று கண்ணில் பட்டும் வாயை மூடிக்கொண்டு காபி போட எழுந்து போனவன் நான்.

2025 ஜனவரி 17 முதல் எச்1பி விதிகள் மாறின. கம்பெனியில் பங்குள்ளவனுக்கே அந்தக் கம்பெனி மனு போடலாம் என்பது விதியிலேயே தெளிவாக வந்தது. கட்டுப்பாடு கையில் இருக்கும் அளவு பங்கு, அதாவது பாதிக்கு மேல் இருந்தால், முதல் மனுவுக்கும் முதல் நீட்டிப்புக்கும் பதினெட்டு பதினெட்டு மாதம்தான். எனக்கு 40 என்பதால் அந்தத் தொல்லை இல்லை. பழைய வேலையை விடாமல், வாரம் 15 மணி நேரத்துக்கு இரண்டாவது எச்1பி. ஏற்கெனவே எச்1பியின் வருடாந்திர ஒதுக்கீட்டில் எண்ணப்பட்டவன் என்பதால் அதற்கான லாட்டரி குலுக்கலும் கிடையாது.

இதில் சிஏ மாதிரி ஒருவர், இங்கே சிபிஏ, ஒரு முட்டுக்கட்டையைப் போட்டார். எல்எல்சி பங்காளிக்கு டபிள்யூ-2 சம்பளம், அதாவது ஊழியருக்குக் கொடுக்கும் சம்பளம், கொடுக்க முடியாதாம். மார்ச் 15க்குள் 2553 படிவம் போட்டு, வரிக்கு மட்டும் எஸ் கார்ப்பரேஷனாக (பங்குதாரருக்கும் ஊழியர் சம்பளம் கொடுக்கக்கூடிய வகை) மாற்றினோம். வரிக் கணக்கில் நாங்கள் இருவரும் ரெசிடென்ட், அதாவது இங்கேயே வசிப்பவர்கள், என்பதால்தான் அதுவும் முடிந்தது.

எச்1பி மனுவுக்கு முன்னால் தொழிலாளர் துறையில் போடும் எல்சிஏ விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்தது. புதுக் கம்பெனி, ஈஐஎன் எண்ணைச் சரிபார்க்க முடியவில்லை என்று காரணம். ஈஐஎன் கொடுத்ததை உறுதிசெய்து ஐஆர்எஸ் அனுப்பிய சிபி 575 கடிதத்தைக் கொடுத்துத் திரும்பப் போட்டோம், இன்னொரு ஏழு வேலைநாள். அந்தக் கடிதத்தை பிடிஎஃப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நான் மூன்று நாள் பழைய மெயில்களில் தேடினேன். எல்சிஏ அறிவிப்பை வேலை நடக்கும் இடத்தில் கண்ணில் படும் இரண்டு இடங்களில் பத்து நாள் ஒட்டி வைக்க வேண்டும். வேலை நடக்கும் இடம் எங்கள் வீடு. ஒன்று ஃப்ரிட்ஜில், ஒன்று பூஜை அறைக் கதவில். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், "ஜப்தி நோட்டீஸா மாப்பிள்ளை?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

மனுவில் முதலாளி என்ற இடத்தில் மனைவி கையெழுத்துப் போட்டாள். வேகப் பரிசீலனைக்கு அப்போது 2,805 டாலர், கம்பெனிக் கணக்கிலிருந்து. கூடுதல் ஆதாரம் கேட்டு ஒரு சுற்று வந்தது, சந்தா ரசீதுகளையும் அக்காக்களின் ஒப்பந்தங்களையும் கட்டாக அனுப்பினோம். ஜூலையில் அனுமதி வந்தது.

பழைய கம்பெனியில் மேலாளரிடமும் எச்ஆரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கியிருந்தேன், அங்கே கொடுத்த லேப்டாப்பை இதற்குத் தொட்டதே இல்லை.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு லாகின் செய்தேன். என் பெயரில் 14 பிழைகளை ஒதுக்கி வைத்திருந்தாள். அதில் ஒன்பது, நான் காபி போட எழுந்து போனபோதே பார்த்தவை.