கடைவீதிக் குறிப்புகள்: ஆடி மாதச் சேலம்

ஜூலை 19, சனி

மாம்பழ சீசன் முடிவதற்குள் ஒரு நடை போய்விட வேண்டும் என்று சின்னக்கடை வீதிக்குக் கிளம்பினேன். மல்கோவா வரத்து குறைந்துவிட்டது. பெங்களூராதான் குவிந்து கிடக்கிறது. முன்பெல்லாம் வரகம்பாடித் தோப்புகளிலிருந்து வரும் பழத்தை வைக்கோல் பரப்பிய கூடைகளில் அடுக்கியிருப்பார்கள். தாத்தா பழத்தை அமுக்கிப் பார்க்கவே மாட்டார். காம்புப் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை மோந்து பார்ப்பார், அவ்வளவுதான். இன்று ஒரு கடையில் ஒரு பெரியவர் அதையே செய்துகொண்டிருந்தார். பிடிக்கவில்லை என்று தலையசைத்ததும், கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பழத்தை எடுத்து நீட்டினார்.

அப்படியே முதல் அக்ரஹாரம், பெரிய கடைவீதி என்று பூ மார்க்கெட் வரை நடந்தேன். திண்ணை வைத்த ஓட்டுக் கட்டடங்கள் அபூர்வமாகிவிட்டன. திண்ணை இருந்த இடத்தில் ஷட்டர் இறங்குகிறது. மனசு கஷ்டப்படத்தான் செய்கிறது. ஆனாலும் பூவுக்கு ஓரிடம், பழத்துக்கு ஓரிடம், மளிகைக்கு ஓரிடம், வெள்ளிக்கு ஓரிடம் என்று இந்த ஊர் தனக்குள் பிரித்துவைத்துக்கொண்ட ஒழுங்கு மட்டும் கலையவில்லை. பழைய சேலம் என்று நான் சொல்வது அதைத்தான்.

ஜூலை 22, செவ்வாய்

செவ்வாய்ப்பேட்டை. லீ பஜார் பக்கம் திரும்பியதுமே மிளகாய் நெடி தொண்டையைப் பிடிக்கிறது. வருஷத்துக்கு வேண்டிய மிளகாய், மல்லி, புளி எல்லாம் அப்பா இங்கேதான் வாங்குவார். மண்டிக்காரர் கையில் அள்ளிக் காட்டும் மல்லியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார்.

அப்புறம், நண்பரின் மாமா வைத்திருக்கும் வெள்ளிப் பட்டறை. "உட்காருங்க தம்பி, டீ சொல்றேன்" என்றவர், பேச்சுக்கு நடுவிலும் கையை நிறுத்தவில்லை. வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுப்பது ஒரு வீட்டில், கண்ணி கோப்பது இன்னொரு வீட்டில், சலங்கை கட்டுவது வேறொரு வீட்டில், மெருகு போடுவது அடுத்த தெருவில். இத்தனை பேர் கை பட்ட பிறகுதான் ஒரு ஜோடி கொலுசு கடைக்குப் போகிறது. மாமா சாமணத்தால் ஒரு கண்ணியைப் பிடித்து, பற்றவைக்கும் பொடி வைத்து, நெருப்பைக் காட்டினார். பொடி ஒரு நொடி பளபளத்து ஓடியது, கண்ணி சேர்ந்துவிட்டது. சாயங்காலம் பட்டறையைக் கூட்டினால் அந்தக் குப்பையைக்கூடக் கொட்ட மாட்டார்கள். அதில் வெள்ளித்தூள் இருக்கும், அதை வாங்கி அலசி எடுக்கவும் ஆள் உண்டு.

இந்த வேலைக்குக் கடைவீதியில் பெயர்ப்பலகை கிடையாது. பலகையில் இருப்பது கடையின் பெயர் மட்டும்தான். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் முதலில் இந்தத் தெருக்களுக்குத்தான் வர வேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய ஸ்டுடியோவில் இப்போது எஞ்சி நிற்பது இதுதான். மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' 1938இல் இந்த நிறுவனத்திலிருந்து வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்தது. சினிமாவுக்குச் சென்னைதான் என்றிருந்த காலத்தில் நடிகர்களும் வசனகர்த்தாக்களும் சேலத்துக்கு ரயில் ஏறி வந்தார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் நிற்க இடமில்லை. கோட்டை என்று பெயர் இருக்கிறதே தவிர, கோட்டைச் சுவர் இல்லை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து சேலம், கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அந்தக் கோட்டையின் ஞாபகமாக இருப்பது இந்த வட்டாரத்தின் பெயரும், அழகிரிநாதர் கோயிலும், திருமணிமுத்தாற்றங்கரைப் பெரிய பள்ளிவாசலும்தான். சேர்வராயன் மலையில் பிறந்து காவிரிக்குப் போகும் ஆறு, நகரத்துக்குள் வரும்போது சாக்கடையாக ஓடுகிறது. ஆடிப்பெருக்கு நாளில் அதைப் பார்ப்பது எனக்கு வேதனை. கரைக்குக் கான்கிரீட் போட்டால் போதாது. முதலில் அதில் கழிவு விடுவதை நிறுத்த வேண்டும்.

பசி வந்ததும் தள்ளுவண்டியில் ஒரு தட்டுவடை செட். தட்டுவடை மேல் மிளகாய்ச் சட்னி, புதினாச் சட்னி, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், மூட மேலே இன்னொரு தட்டுவடை. சட்னியில் ஊறி நமத்துப்போவதற்குள் வாயில் போட்டுவிட வேண்டும். வண்டிக்கார அக்கா இங்கே குகை என்ற பகுதியைச் சேர்ந்தவர். சின்ன வயதில் அங்கே ஆடித் திருவிழா ஊர்வலமான வண்டி வேடிக்கைக்கு மாட்டுவண்டிகள் ஜோடித்துக்கொண்டு வந்ததையும், சாமி வேஷம் கட்டிய தன் அண்ணன் இரவெல்லாம் கையைத் தூக்கியபடியே நின்றதையும் சொன்னார். இந்த வருஷ வேடிக்கைக்கு வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறார். வாசலிலிருந்தே எல்லா வண்டியும் தெரியுமாம். போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.