கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குத் திரவ நைதரசன் கொண்டுவந்த அனுபவம்

ஆட்டின் சூலக இழையத்தை உறையவைத்து, திரும்ப உருக்கி, கலங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் முதுமாணி ஆய்வு. உறையவைக்கும் முறை ஆய்விதழ்களில் கிடைக்கும். அதற்குத் தேவையான, −196 பாகைக் குளிரிலுள்ள திரவ நைதரசனை மட்டக்களப்பு வரை கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இறைச்சிக் கடைக்காரரின் சம்மதமும் சுலபமாகவே கிடைத்தன. முதல் தொகுதி இழையத்தை உறையவைக்க, ஒரு கால்நடை வைத்தியர் மாடுகளின் செயற்கைச் சினைப்படுத்தலுக்கு வைத்திருந்த திரவ நைதரசனில் கொஞ்சம் தந்து உதவினார். அது ஆவியாகித் தீருமுன் நிரப்பியாக வேண்டும் என்று கொழும்புக்கு ஓடினேன்.

எங்கள் அலுவலகம் தட்டச்சு செய்து தந்த கடிதத்தில் "நைதரசன், 20 லீற்றர்" என்று மட்டும் இருந்தது. வாயு விற்கும் இடத்தின் கவுன்ரரில் இருந்தவர், "சிலிண்டர் எங்க மிஸ்?" என்றார். திரவம்தான் வேண்டும், தாங்கி வெளியே வேனில் இருக்கிறது என்றேன். "கடிதத்தில அப்படி இல்லையே, திருத்திக்கொண்டு வாங்க." மின்னஞ்சலில் திருத்திய கடிதம் வந்தும், முத்திரை குத்திய மூலப்பிரதி இல்லாமல் முடியாது என்றுவிட்டார். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் வெறுந்தாங்கியோடு திரும்பினோம். தாங்கியை எட்டிப் பார்த்திருந்தாலே அவருக்கு விளங்கியிருக்கும். கடிதத்தில் "திரவ நிலை", தாங்கியின் கொள்ளளவு, என்ன தேவைக்கு என்ற மூன்றும் இருக்கட்டும்.

அடுத்த முறை நிரப்பித் தந்தார்கள். பொலன்னறுவை தாண்டியதும் சாரதி அண்ணன் வேனை ஓரங்கட்டினார். "இஞ்ச பாருங்க தங்கச்சி, வேர்த்து ஒழுகுது." தாங்கியின் தோள்பட்டையில் நீர் கோர்த்திருந்தது. வெலிக்கந்தையில் அதே இடத்தில் வெள்ளையாக உறைபனி. இரட்டைச் சுவருக்கு நடுவே இருக்கவேண்டிய வெற்றிடம் போய்விட்டதன் அடையாளம் அது. "நல்ல தாங்கி" என்று சொல்லி இரவல் தந்தவர் அதைச் சோதித்தே பார்க்கவில்லை. வந்து சேர்ந்து மரக்கோலை விட்டுப் பார்த்தபோது அடியில் விரற்கடை அளவுதான் மிச்சம். நிரப்ப அது போதாமல் முதல் தொகுதி முழுவதும் அழிந்தது. ஏறத்தாழ −130 பாகைக்குக் கீழே இருக்கும்வரைதான் இழையத்துக்குள் எதுவும் அசையாது. அதற்கு மேலே மெல்ல மெல்லச் சூடேறினால் பனிப்பளிங்குகள் வளர்ந்து கலங்களைக் கிழித்துவிடும்.

இரவல் தாங்கி என்றால் முதலில் உள்ளூரிலேயே கொஞ்சம் ஊற்றி ஓரிரவு வைத்துப் பாருங்கள். மரக்கோலை அடிவரை விட்டு எடுத்து ஆட்டினால் திரவம் நின்ற உயரத்துக்கு வெள்ளைப் பனி படியும். அதைத்தான் அளக்க வேண்டும். மூடியை இறுக்கி ஒட்டவே வேண்டாம், வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் வெடிக்கும். ஒரு லீற்றர் திரவம் ஏறத்தாழ 700 லீற்றர் வாயுவாகும்; வேனுக்குள் ஒக்சிசன் குறைந்தால் மூக்குக்குத் தெரியாது. ஏசி போடாமல் கண்ணாடிகளைத் திறந்தே வாருங்கள். பஸ்ஸில் ஏற்ற நினைக்கவே வேண்டாம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். மாற்றிப் பொருத்த எடுத்துப் பனிக்கட்டியில் வைத்த சிறுநீரகம் ஒன்றரை நாள் அளவுக்குத்தான் தாங்கும். 2023இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் எலிச் சிறுநீரகங்களை 100 நாட்கள் வரை −150 பாகை அளவுக் குளிரில் வைத்திருந்து, இரும்பு ஒக்சைட்டு நுண்துகள்களால் உள்ளிருந்தே சீராகச் சூடாக்கி, எலிகளில் பொருத்தி இயங்கவைத்தார்கள். மனிதருக்கு அது வரும்போது எங்கள் ஊர் டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் எட்ட வேண்டும். இந்த வேலை தெரிந்தவர்கள் இங்கேயும் வேண்டும்.

வேறு தாங்கியில் வந்த நைதரசனில் இரண்டாம் தொகுதியை உறையவைத்தோம். 37 பாகை நீரில் உருக்கி நியூட்ரல் ரெட் சாயத்தில் போட்டோம். உயிருள்ள சூல்நுண்பைகள் (முட்டைக் கலங்கள் இருக்கும் சிறு பைகள்) மட்டுமே அதை உறிஞ்சும். நுணுக்குக்காட்டியின் கீழ் சிவப்புப் புள்ளிகள் அங்கங்கே தெரிந்தன. மேற்பார்வையாளரைக் கூப்பிட ஓடினேன்.

கடித மாதிரி தேவைப்படுகிறவர்கள் கேளுங்கள், அனுப்பிவிடுகிறேன்.